டயர் என்றொரு கிடா

கிருபாசங்கர் தன் பிள்ளைகள் இரண்டையும் காரிலிருந்து இறக்கியபோது மணி ஒன்பதாகியும் தோப்பில் புல்லின் ஈரம் காய்ந்திருக்கவில்லை. தை முடியப் போகிற ஞாயிற்றுக்கிழமை. போர்த்திக்கொண்டு தூங்கவேண்டிய பிள்ளைகளைக் கோயம்புத்தூரில் எழுப்பி, ஒன்றரை மணி நேரம் ஓட்டி, பொள்ளாச்சி தாண்டி ஆனைமலைச் சாலையில் இருக்கும் தன் தென்னந்தோப்புக்குக் கூட்டி வந்திருந்தான். யஷ்வந்துக்கு ஆறு வயது. சைத்ராவுக்கு நாலு. இரண்டும் ஸ்வெட்டர், குல்லா, ஷூ என்று முழு அலங்காரத்தில் நின்றன.

"ஷூவைக் கழட்டிப் போடுங்க கண்ணு. வெறுங்கால்ல நடங்க," என்றான்.

"அம்மா வைவாங்கப்பா," என்றான் யஷ்வந்த்.

"அம்மா இங்கயா இருக்காங்க?"

பையன் யோசித்தான். பிறகு உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். ஈரப் புல்லில் கால் பட்டதும் இரண்டும் கூச்சலிட்டுக்கொண்டு ஓடின. அந்தக் கூச்சலைக் கேட்டுக் கிருபாசங்கருக்கு வயிறு குளிர்ந்தது. ஆரம்பம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அவனும் மனைவி வெங்கடலட்சுமியும் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வீடு, நகை, பாத்திரம் எல்லாவற்றுக்கும் வழி பிறந்துவிட்டது. பிள்ளைகள் யாரிடம் என்பதில் மட்டும் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் வக்கீல்கள் உட்கார்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பங்குனி பிறந்ததும் பையனையே கேட்பது. அவன் எங்கே என்கிறானோ அங்கேதான் தங்கச்சியும். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் ஞாயிறுதோறும் பிள்ளைகள் அப்பாவோடு. வெங்கடலட்சுமி இதற்கு ஒத்துக்கொண்டாள். குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சலில் கூடவே உட்கார்ந்திருந்தவள் அவள். பையன் வேறென்ன சொல்லிவிடப் போகிறான் என்ற நம்பிக்கைதான்.

கிருபாசங்கருக்குப் பிள்ளைகள் மேல் ஆசையே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆறு வருஷத்தில் பையனுக்கு ஒருமுறைகூட நகம் வெட்டிவிட்டவன் இல்லையே தவிர, ஆசை இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. வெங்கடலட்சுமி தோற்க வேண்டும். இந்த இரண்டும் அவன் நெஞ்சில் ஒன்றாகவே கிடந்ததால், எது எது என்று அவனுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பிள்ளைகள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அவன் சந்தைக்குப் போய் ஒரு வெள்ளாட்டுக் கிடாக்குட்டி வாங்கி வந்திருந்தான். உடம்பில் ஒரு வெள்ளை முடிகூட இல்லாத கருங்குட்டி. தோப்பின் மூலையில், வேப்பமரத்தடியில் அவர்கள் குடும்பத்துக் கருப்பராயன் இருக்கிறார். நட்டுவைத்த கல், இரண்டு வேல், அவ்வளவுதான். அவனுடைய பெரியப்பா நரசிம்மலு முன்னால் நிற்க, குட்டியைச் சாமி எதிரில் நிறுத்தி, "ரெண்டு புள்ளைங்களும் எங்கிட்ட வந்து சேந்துட்டா இந்தக் கிடா உனக்குங்க சாமி," என்று வேண்டிக்கொண்டான். அடையாளத்துக்குக் குட்டியின் இடது காது நுனியைக் கத்தரித்துவிட்டார் பெரியப்பா. அப்படி நேர்ந்துவிட்ட பிறகு அது சாமியின் ஆடு. விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, வேறு ஒன்றுக்கும் வெட்டக் கூடாது. கேட்டது கிடைத்துவிட்டால் அதைத்தான் கொடுத்தாக வேண்டும்.

அந்தக் குட்டியைத்தான் முதல் நாளே யஷ்வந்த் கண்டுபிடித்தான். தென்னை மரத்தில் கட்டிக் கிடந்த அது இவனைப் பார்த்ததும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு எகிறியது. பையன் பயந்து இரண்டடி பின்னால் போனான். அது மறுபடி எகிறியது. பையன் சிரித்துவிட்டான்.

"ஏனுங்கப்பா, இதுக்கு என்னங்க பேரு?"

"பேரெல்லாம் இல்ல கண்ணு. ஆட்டுக்குட்டி, அவ்வளவுதான்."

"டயர்னு வெக்கட்டுமா? கருப்பா இருக்குது, குதிக்குது."

சைத்ரா கைதட்டினாள். இன்னொருவனாக இருந்தால் அங்கேயே, "அதுங்கூட வெளையாடாதீங்க, வேற வாங்கித் தர்றேன்," என்று சொல்லியிருப்பான். கிருபாசங்கர் பையனின் முகத்தைப் பார்த்தான். அதில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தான். கயிற்றை அவிழ்த்துப் பையன் கையில் கொடுத்தான்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகள் நல்ல ஞாயிறுகள். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மாசி பிறந்ததும் குளிர் மெல்லக் கழன்றது. குல்லா முதலில் போனது, அப்புறம் ஸ்வெட்டர். புங்கமரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, பத்தே நாளில் பளபளவென்று தளிர் விட்டது. தோட்டத்து வேலியோரம் நின்ற முள்ளிலவ மரத்தில் இலையே இல்லாமல் சிவப்புச் சிவப்பாய்ப் பூ. கீழே விழுந்து கிடக்கும் அந்தக் கனத்த பூக்களைச் சைத்ரா பாவாடை நிறைய அள்ளிக்கொண்டு வருவாள். டயர் அவள் பின்னாலேயே வந்து பாவாடைக்குள் மூஞ்சியைவிட்டுத் தின்னும். அவள் அழுவாள், அண்ணன் சிரிப்பான். புளியமரத்தை உலுக்கிய அன்று, வேலைக்கு வந்த பெண்களோடு சேர்ந்து இரண்டும் புளி பொறுக்கின. உதடு வெடிக்கத் தின்றன. வாய்க்காலில் அணைத் தண்ணீர் விட்ட வாரம் முட்டளவு தண்ணீரில் இறங்கி, துண்டை விரித்துப் பிடித்துப் பொடி மீன் பிடித்தார்கள். டயர் கரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. தண்ணீரில் இறங்க அதற்குப் பயம்.

யஷ்வந்த் கறுத்தான். முழங்காலில் சிராய்ப்பு ஏறியது. அம்மாவின் நாலாவது மாடி வீட்டில் பிஸ்கட்டைக்கூட நொறுக்கி நொறுக்கித் தின்கிற பையன், இங்கே இரண்டு தட்டு சோறு தின்றான். டயரைக் கட்டிக்கொண்டு பம்ப்செட் நிழலில் மத்தியானம் தூங்கினான்.

சாயங்காலம் காரில் திரும்பும்போது கிருபாசங்கர் தன் வேலையைச் செய்தான். அவசரப்படாமல் செய்தான்.

"நீங்க போனதுக்கப்புறம் டயர் ஒன்னுமே திங்கறதில்ல கண்ணு. கத்திக்கிட்டே கெடக்குது."

"நெசமாலுமாங்கப்பா?"

"அப்பா பொய் சொல்லுவனா?"

கொஞ்ச தூரம் போன பிறகு பையன் கேட்டான். "டயரை அம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமாங்க?"

"நாலாவது மாடிக்கா? லிப்ட்ல ஏறுமா அது? கீழ இருக்கற வாட்ச்மேனு உட்ருவானா?"

பையன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கண்ணாடியில் அவன் உதடு துடிப்பதைக் கிருபாசங்கர் பார்த்தான். வலித்தது. வலித்தாலும் வண்டியை நிறுத்தவில்லை. அடுத்த வாரமும் இதையே வேறு விதமாகச் சொன்னான்.

வெங்கடலட்சுமியோ டயர் கதையைப் பிள்ளைகள் வாயால் கேட்டுக் கேட்டு, தானும் அதில் ஒருத்தி ஆகிவிட்டாள். வாரம் முழுக்கக் கேரட் தழை, முள்ளங்கி இலை, முட்டைக்கோஸின் மேல்தோல் எல்லாவற்றையும் பிரிட்ஜில் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பையில் போட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினாள். வாசலில் நின்றபடி கிருபாசங்கரிடம், "நல்லா வெளையாடறாங்கங்க. இங்க நாலு செவுத்துக்குள்ள அடைஞ்சு கெடந்தாங்க," என்று சந்தோஷமாகவே சொன்னாள். ஒன்றரை வருஷத்தில் அவள் அவனிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அவன் தலையை ஆட்டிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டான்.

பங்குனி முதல் வாரம் அவளுடைய வக்கீல் ஜபருல்லாவின் அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். ஜபருல்லா வயதானவர், பேரப் பிள்ளைகள் எடுத்தவர். யஷ்வந்தை மேஜை மேலேயே தூக்கி உட்காரவைத்து, கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார்.

"அப்பாவும் நல்லவங்க, அம்மாவும் நல்லவங்க. யாரும் உன்னை வைய மாட்டாங்க. நீ யாரோட இருக்கோணும்னு ஆசைப்படறே தம்பி?"

"டயரோட," என்றான் யஷ்வந்த்.

ஜபருல்லாவுக்கு விளங்கவில்லை. வெங்கடலட்சுமிக்கு விளங்கியது. முதலில் சிரித்துவிட்டாள்.

"டயர் யாரு? எங்க இருக்காரு?" என்றார் ஜபருல்லா.

"அப்பா தோட்டத்துல. நானில்லாட்டி அது சோறு திங்காதுங்க. கத்திட்டே கெடக்கும்."

வெங்கடலட்சுமியின் சிரித்த முகம் அப்படியே நின்று, பிறகு மெல்ல அழுகையாக மாறியது. ஜபருல்லா இன்னும் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். அம்மாவைப் பிடிக்காதா என்றார். பிடிக்கும் என்றான். அப்படியானால் என்றார். அம்மா தானாகச் சாப்பிடுவார்கள், டயர் சாப்பிடாது என்றான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவளைப் பார்த்து, "யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்கம்மா," என்றார். வெங்கடலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொன்ன வார்த்தை சொன்னதுதான் என்று கையெழுத்துப் போட்டாள். எழுந்தபோது கிருபாசங்கரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"புள்ளைங்களப் பாத்துக்கங்க. அந்த ஆட்டையும் பாத்துக்கங்க."

ஜெயித்தவன் அன்று கார் ஓட்டிய வேகத்தைச் சொல்லி மாளாது. தோப்புக்கு வந்து சேர்ந்ததும் நரசிம்மலு பெரியப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "சாமி கொடுத்துருச்சு பாத்தியா!" என்றார். "அமாவாசைக்குக் கிடாயை வெட்டிப்போடலாம். சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிப்போட்டேன்."

கிருபாசங்கருக்குப் பகீர் என்றது. மறந்திருந்தான் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் இருந்தான்.

"பெரியப்பா, வேற கிடா வாங்கித் தாரேனுங்க. ஒன்னுக்கு ரெண்டாத் தாரேன். பையன் அது மேல உசுரா இருக்கறானுங்க."

"சாமிகிட்ட வெலை பேசறயா நீ?" பெரியப்பா குரலை உயர்த்தவே இல்லை. "காதை அறுத்து உட்டாச்சு. இந்தக் கிடான்னு கைகாட்டி வேண்டிக்கிட்ட. அது கொடுத்துருச்சு. நீ கொடுக்காட்டி, கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கும். ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்கற. அப்புறம் உன் இஷ்டம்."

அன்று முழுக்கக் கிருபாசங்கர் தவித்தான். பயந்தான் என்பது உண்மை. காய்ச்சல், பாம்பு, வாய்க்கால் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தோன்றின. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொரு கணக்கும் ஓடியது, அதையும் மறைக்க வேண்டாம். ஆட்டின் வேலை முடிந்துவிட்டது. கையெழுத்து வாங்கியாகிவிட்டது. பையனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் நாலு நாளில் மறந்துவிடுவான்.

அமாவாசை அன்று தோப்பில் ஐம்பது பேர் கூடினார்கள். பனியெல்லாம் பழைய கதை. பத்து மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது, வேப்பமரம் பூவாய்க் கொட்டியது. பொங்கல் வைத்து, பிள்ளைகளுக்குத் திருநீறு பூசி முடித்ததும், வேலைக்காரப் பெண் ஒருத்தியோடு இரண்டு பேரையும் வாய்க்காலுக்கு அனுப்பிவைத்தான் கிருபாசங்கர். மீன் பிடித்துவிட்டு மெதுவாக வரும்படி சொன்னான். அவர்கள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பது ஏற்பாடு. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

டயர் கழுத்தில் மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றியதும் ஆடு தலையைச் சிலுப்பி உடம்பை உதற வேண்டும். உதறினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம், உடனே வெட்டுவார்கள். உதறாத ஆட்டின் மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

டயர் உதறவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் பார்த்தபடி நின்றது. இரண்டாவது குடம் ஊற்றினார்கள். நின்றது. மூன்றாவது குடம் ஊற்றினார்கள். தாடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. வெட்டுகிறவன் அரிவாளைக் கீழே ஊன்றிவிட்டுப் பீடி பற்ற வைத்தான். அரை மணியாயிற்று. ஒரு மணியாயிற்று. அடுப்பை மூட்டி வைத்திருந்த பெண்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள்.

"சாமிக்கு என்னமோ கொறை," என்றார் நரசிம்மலு. ஐம்பது பேரும் கிருபாசங்கரைத் திரும்பிப் பார்த்தார்கள். "என்னடா பண்ணுன நீ? ஏதாச்சும் பொய் பொறட்டு உண்டா?" என்று கேட்டார் பெரியப்பா.

கிருபாசங்கருக்கு வியர்த்து ஊற்றியது. சாமிக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தான். காரில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்துவிட்டது, பிள்ளைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் போகிறது. உதறு, உதறித் தொலை, என்று அந்த ஆட்டைப் பார்த்து உள்ளுக்குள் கெஞ்சினான். அந்த நேரத்தில் அவன் கெஞ்சிய மாதிரி பெற்ற தாயிடம்கூடக் கெஞ்சியிருக்க மாட்டான்.

அப்போதுதான் பின்னால் குரல் கேட்டது. "டயருக்கு ஏனுங்கப்பா தண்ணி ஊத்தியிருக்கீங்க?"

ஈர டவுசரோடு யஷ்வந்த் நின்றான். வாய்க்கால் சலித்துப்போய், பெண்ணின் கையிலிருந்து நழுவி ஓடி வந்திருந்தான்.

"குளிப்பாட்டி உட்டமுங்க கண்ணு," என்றாள் ஓர் அத்தை அவசரமாக.

"எல்லாரும் எதுக்குப் பாத்துட்டே நிக்கறீங்க?"

"ஒடம்ப ஒதறோணும் கண்ணு. ஒதற மாட்டேங்குது."

பையனுக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருந்தது. "அதுக்குக் காதுல ஊதோணுமுங்க. ஊதுனா ஒதறும். நான் ஊதட்டுமாங்கப்பா?"

நரசிம்மலுவுக்கே அது பொறுக்கவில்லை. "பையனை உள்ள கூட்டிட்டுப் போங்க," என்றார். "இன்னைக்கு வேண்டாம். சாமி சம்மதிக்கும்போது ஒதறட்டும்."

கிருபாசங்கர் சரி என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டிருக்காது. மாலையைக் கழற்றி, துண்டால் துடைத்து, ஆட்டைப் பையன் கையில் கொடுத்திருக்கலாம். சாமியே வேண்டாம் என்கிற மாதிரி நிற்கும்போது, வேண்டாம் என்று சொல்ல ஒரு மனிதனுக்கு என்ன கேடு?

"இருங்க பெரியப்பா," என்றான் கிருபாசங்கர். பிறகு பையனைப் பார்த்துச் சொன்னான். "ஊது கண்ணு."

யஷ்வந்த் முழங்காலிட்டு, டயரின் அறுபட்ட காதைக் கையில் பிடித்து, கன்னத்தை உப்பி ஊதினான். டயர் தலையைச் சிலுப்பியது. கழுத்து, முதுகு, வால் என்று உடம்பு முழுவதும் உதறியது. மஞ்சள் தண்ணீர் தெறித்துப் பையனின் முகமெல்லாம் நனைந்தது. அவன் சிரித்தான். பெண்கள் குலவையிட்டார்கள். பீடியைப் போட்டுவிட்டு வெட்டுகிறவன் எழுந்தான்.

கிருபாசங்கர் பையனை இழுத்து முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். காதைப் பொத்த அவனுக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் விருந்து நடந்தது. சைத்ரா அத்தையின் மடியில் உட்கார்ந்து, என்ன கறி என்று தெரியாமல், இன்னும் வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்டு அங்கேயே தூங்கிவிட்டாள். யஷ்வந்த் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தவனிடம் கிருபாசங்கர் போனான். சைக்கிளைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் போனான்.

"ஏனுங்கப்பா," என்றான் பையன், தண்ணீரைப் பார்த்தபடியே. "நான் ஊதுனதாலயா?"

ஒரே ஒரு வார்த்தை போதும். இல்லை, நான்தான், என்றால் போதும். கிருபாசங்கருக்கு அது தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. ஆறு மணிக்கு வெங்கடலட்சுமி வீடியோ காலில் கூப்பிடுவாள். அப்பாதான் டயரைக் கொன்றார் என்று பையன் அழுவான். நாளைக் காலையில் அவள் ஜபருல்லாவோடு வந்து நிற்பாள்.

பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டான். "சாமி நீ சொல்லட்டும்னு காத்திருந்துச்சு கண்ணு. நாங்க எத்தனை தண்ணி ஊத்துனோம், கேட்டுச்சா? நீ ஊதுனதும்தான் சரின்னு சொல்லுச்சு. உன்னாலதான் சாமிக்குச் சந்தோசம்."

பையன் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்கப்பா."

"சொல்ல மாட்டேன் கண்ணு. உன்னை நான் காட்டிக்கொடுப்பனா?"

ஆறு மணிக்குப் போன் வந்தது. திரையில் வெங்கடலட்சுமியின் முகம் தெரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான் யஷ்வந்த். தங்கச்சி தூங்குகிறாள் என்றான். முகமெல்லாம் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்றாள். கோயிலுக்குப் போனோம் என்றான்.

"டயரைக் காட்டு கண்ணு, பாக்கலாம்."

பையன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு திரையைப் பார்த்து, குரல் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னான்.

"அது மேயப் போயிருக்குதும்மா. நல்லாத் திங்குது."

கெட்டிக்காரப் பிள்ளை, என்று நினைத்துக்கொண்டான் கிருபாசங்கர்.